கடுகெண்ணெய்த் தோள்

காசிநாதனின் வலது தோள் முருகையனின் கைப்பேசிக்குள் இருந்தது. டீக்கடை வாசலில் நின்ற ஏழெட்டுப் பேர் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ற வைகாசித் திருவிழாவில், விடைமேல் எழுந்தருளிய பெருமான் நல்லேரிக்குறிச்சி வீதிகளில் உலா வந்தபோது எடுத்த படம் அது. வாகனம் இருந்தது; வெண்குடை இருந்தது; மூன்றடுக்கு மாலைகள் இருந்தன. ஆனால் முருகையன் இரண்டு விரல்களை விரித்துப் பெரிதாக்கிக் காட்டியது, முன்பக்கத்து வலத் தண்டைத் தாங்கியிருந்த அந்த ஒரு தோளை மட்டுமே.

"நம்ம ஏரி சித்திரையில வெடிச்சுக் கெடக்குமே, அந்தப் படம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் பாத்தா நடுவுல திருநீறு தெரியுது," என்றான் முருகையன்.

சிரிப்பு அடங்கும்வரை காசிநாதன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அது முன்பே ஆறியிருந்தது.

"தோளு இருக்குறது தாங்குறதுக்குத் தம்பி. படம் புடிக்கிறதுக்கு இல்ல."

"அது சரிண்ணே. இந்த வருஷம் ட்ரோன் விட்டு மேலேர்ந்து புடிக்கிறோம். மொதத் தண்டு ஆளுதான் படத்துல பளிச்சுனு விழுவாரு. குருக்கள் யோசிக்க மாட்டாரா? தோள் பாக்குற அன்னைக்குத் தெரிஞ்சுரும்."

சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் உழைத்து, அங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் தோள் வளர்த்துத் திரும்பியிருந்த முருகையன், இதைச் சொல்லிவிட்டுத் தன் பனியனின் கையைச் சற்றே மேலேற்றிக்கொண்டான்.

காசிநாதனுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கென்று இவ்வுலகில் இருந்த பெருமைகள் அதிகமில்லை. சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றும் பகுதிக்கு மேஸ்திரி, ஓட்டு வீடு, ஒன்றரை ஏக்கர் முந்திரி, வாய்க்கு வாய் பதில் சொல்லும் மனைவி கமலவேணி. இவற்றுக்கெல்லாம் மேலாக, சாமி வாகனத்தின் முன் வலப்பக்கத்து முதல் தண்டு.

நல்லேரிக்குறிச்சிச் சிவன் கோயிலின் விடை வாகனத்துக்கு நான்கு தண்டுகள். தலைமுறைகளின் கைபட்டு, தேக்கு மரம் கண்ணாடியாய் மின்னும். அத்தண்டுக்கும் தாங்குபவர் தோளுக்கும் நடுவே துணி கூடாது, சும்மாடு கூடாது என்பது அவ்வூர் விதி. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரை இறக்கத்தில் வாகனம் ஒருபுறமாய்ச் சாய்ந்து, பெருமானின் திருமுடி புளியங்கிளையில் உரசி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, ஊருக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தாங்கியவர்களுக்குப் பக்தி போதவில்லை என்பது அந்நாளில் காசிநாதன் கண்ட முடிவு.

அடுத்த ஆண்டிலிருந்துதான் குருக்கள் தோள் பார்க்கத் தொடங்கினார். கொடியேற்றத்துக்கு முந்தைய மாலை, மேலாடை களைந்து நிற்கும் ஆண்களின் தோள்களை ஒவ்வொன்றாய்த் தொடுவார். அன்று அவருக்கு மௌன விரதம். தொடுவார், விரலால் இடம் காட்டுவார், அவ்வளவே. அந்த விரலுக்கு மறுப்பு இல்லை.

அந்த முதல் மாலையில், இளைஞராயிருந்த காசிநாதன் கொடிமரத்தடியில் கண்மூடி நின்று, உரத்த குரலில் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். ஒரு கை அவர் தோளில் வந்து படிந்தது. பாட்டு தானாக நின்றது. கண் திறந்தால், எதிரே குருக்கள். அந்தக் கை சிறிது நேரம் தோளிலேயே தங்கிற்று. பின்பு ஒரு சொல்லுமின்றி அவரை முதல் தண்டினிடம் அழைத்துச் சென்றது.

"என் பாட்டு அவரக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருச்சு," என்று காசிநாதன் இந்நிகழ்ச்சியைக் கேட்பவர்க்கெல்லாம் சொல்வார். கேளாதவர்க்கும் சொல்வார். அன்று முதல் ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அதே பதிகத்தை எடுப்பார். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் குருக்கள் நேரே இவரிடம்தான் வருவார்; பெரும்பாலும் முதலடி முடியும் முன்பே வந்துவிடுவார். தொட்ட மாத்திரத்தில் உள்ளத்தின் அன்பை அளந்துவிடும் கை அது என்பதில் காசிநாதனுக்கு ஐயமே இல்லை.

இப்போது ஐயம் வந்தது. சென்ற ஆண்டு அந்தக் கை வழக்கத்தைவிட நெடுநேரம் தோளில் நின்றது. 'ம்' என்று ஓர் ஓசையும் குருக்களின் மூக்கிலிருந்து எழுந்தது. அதை அருள் என்று எண்ணி மெய்சிலிர்த்தாரே, அது அருவருப்பாக இருந்திருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினார். மனிதன் தன் தோளைத் தானே முழுதும் பார்க்க முடியாதபடி படைக்கப்பட்டிருக்கிறான். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுளுக்கு ஒன்றைத் தேடிக்கொண்டதுதான் மிச்சம்.

"வேணி, என் தோளு எப்டி இருக்கு?"

கமலவேணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இருக்கு."

"எப்டி இருக்குன்னு கேட்டேன்."

"ரெண்டும் இருக்கு." பிறகு இரக்கம் வந்தவளாய், "கல்யாணமான புதுசுல பட்டுச்சேல கட்டிட்டு உங்க பக்கத்துல வந்தா நூலு மாட்டிக்கும். இப்பல்லாம் நான் பாத்துப் போயிக்கிறேன்," என்றாள்.

முப்பது ஆண்டுச் சிமெண்டுத் தூசியும், மூட்டைச் சாக்கின் உராய்வும் சேர்ந்து அத்தோளில் எழுதிவைத்திருந்த எழுத்து அது. தோள் பார்க்கும் நாளுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாட்கள் இருந்தன. சரியாக ஒரு மண்டலம். அதற்குள் இந்த எழுத்தை அழித்தே தீர்வதென்று காசிநாதன் அங்கேயே, கீரைக்காம்புகளின் நடுவே நின்று உறுதி பூண்டார்.

மறுநாள் ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் அவர் கண் ராம்பிரவேஷின் முதுகில் போய் நின்றது. பீகாரிலிருந்து வந்து எட்டு ஆண்டுகளாய் ஆலை ஊரான ஆலத்தியூரில் தங்கி வேலை செய்பவன்; நாற்பதைத் தொட்டவன். அதே தூசி, அதே வெயில். ஆயினும் வேலை முடிந்து குளித்து வந்தால், விளக்கி வைத்த வெண்கலக் குடம்போல் மின்னுவான். இரகசியத்தை அவன் மறைக்கவில்லை.

"கடுகெண்ணெய் அண்ணே. எங்க ஊர்ல கொழந்த பொறந்தா மொத வேல அதான். தேச்சு விட்டு வெயில்ல போடுவாங்க. கெழவனுக்கும் அதான், கல்யாண மாப்பிள்ளைக்கும் அதான்."

எல்லார் தோலுக்கும் அது ஒத்துக்கொள்ளாது, முதலில் முழங்கையில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். நாற்பத்தெட்டில் ஒன்றைச் சோதனைக்குத் தாரை வார்க்கக் காசிநாதனுக்கு மனமில்லை. ஆலை வாசலில், வடக்கிலிருந்து வந்தவர்களுக்காகவே கடுகெண்ணெய் வைத்திருக்கும் மளிகைக்கடையில் மூன்று பாட்டில் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை, ராம்பிரவேஷின் அறை வாசலில், பலகை ஒன்றில் குப்புறப் படுத்தார்.

ராம்பிரவேஷ் உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிக்கொண்டு தேய்த்தான். கழுத்தடியிலிருந்து தோள்பட்டை வரை, தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை, மாவு பிசைபவனின் பொறுமையோடு தேய்த்தான். சுகமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தோலுக்குள் அடுப்பு மூட்டியது போலிருந்தது.

"எரியுதா அண்ணே?"

"இல்ல."

"கண்ணுல தண்ணி வருதே."

"சாமிய நெனச்சேன்," என்றார் காசிநாதன்.

அன்று அவர் தெருமுனையில் திரும்பும்போதே கமலவேணி வாசலுக்கு வந்துவிட்டாள். யார் வீட்டிலோ ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டது என்று பார்க்க வந்தவள், ஜாடி நடந்து வருவதைக் கண்டாள்.

"இந்த வாடையோட வூட்டுக்குள்ள வந்தீங்க, நான் ஆண்டிமடம் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

மண்டலம் முடியும்வரை மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வதென்று உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் மோட்டார் கொட்டகை காற்று வீசும் திசையில் இருந்தது. ஆகவே வாடையைப் போக்க, காசிநாதன் நாளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தார். வாடை போயிற்று, கூடவே தோலில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் போயிற்று. பத்தாம் நாள் தோள் முன்னைவிட வெளுத்து, திருநீறு பூசாமலே பூசியதுபோல் ஆகிவிட்டது.

அதற்குப் பரிகாரமாக எண்ணெயை இருமடங்காக்கினார். குளிர் நாட்களில் தன் ஊரில் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பார்கள் என்று ராம்பிரவேஷ் பேச்சுவாக்கில் சொன்னதில், 'குளிர் நாட்களில்' என்பதை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டார். சித்திரை வெயிலில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், மூன்று கல் கூட்டிக் காய்ச்சினார். அரைமணி நேரத்தில் அடுத்த வீட்டு ராசாத்தி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ரசம் வெச்சீங்களா மாமா? மணக்குதே. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு நாளா சளி."

ரசம் இல்லை என்று சொன்னால் நம்பும் பெண்ணாக அவள் இல்லை. கிண்ணத்தோடு திரும்பிப் போனவள், காசிநாதன் வீட்டில் ஒரு கரண்டி ரசத்துக்குக்கூடக் கை நீளாது என்று தெரு முழுதும் சொல்லிவைத்தாள். கமலவேணி மூன்று நாள் ரசம் வைத்துத் தெருவுக்கே ஊற்ற வேண்டியதாயிற்று.

இனிப் பூண்டு வாடையைக் கொல்ல வேண்டும். சோப்பு ஆகாது. பயத்தம்மாவில் மஞ்சளைக் கலந்து, அந்த எண்ணெயிலேயே குழைத்துப் பூசிக்கொண்டார். வாடை மட்டுப்பட்டது உண்மைதான். ஆனால் கழுவக் கழுவ மஞ்சள் மட்டும் போகவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை காசிநாதன் பொன்னார் மேனியராய் விளங்கினார். சட்டை மஞ்சள், பாய் மஞ்சள், ஆலையில் அவர் கையெழுத்திட்ட பதிவேட்டின் விளிம்பும் மஞ்சள். வருகிற லாரி ஓட்டுநர்களெல்லாம் பெண் எந்த ஊர் என்று விசாரித்தார்கள்.

"அறுபதாங் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் கமலவேணி, சட்டையைக் கல்லில் ஓங்கி அறைந்தபடி.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. பூண்டுச் சூடும் கடுகுச் சூடும் வெயிலோடு கூடி, இருபத்தைந்தாம் நாள் தோளெல்லாம் செக்கச்செவேலென்று கொப்புளம் கிளம்பியது. காசிநாதன் அதைத் தவத்தின் இடையில் வரும் சோதனை என்றார். கமலவேணி அவரைப் பெரம்பலூருக்குப் பஸ் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

தோல் மருத்துவர் வளர்மதி, இளம் வயதினர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதலில் மோந்து பார்த்தார், பிறகுதான் பார்த்தார்.

"என்னங்க போட்டீங்க?"

காசிநாதன் சொல்லத் தொடங்கினார். பூண்டு வரை வந்ததும் மருத்துவர் கையமர்த்தினார். கொப்புளத்துக்குக் குளிர்ச்சியான களிம்பு ஒன்று எழுதினார். பிறகு, கொப்புளம் இல்லாத பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எத்தன வருஷமா மூட்ட தூக்குறீங்க?"

"முப்பது வருஷம்."

"இது வியாதி இல்லைங்க. சுமை படுற எடத்துல ஒடம்பு தானாப் போட்டுக்கிட்ட பட்டை. வலிக்குதா, அரிக்குதா?"

"இல்லைங்க. அசிங்கமா இருக்கு."

"யாருக்கு?"

முருகையனுக்கு என்று சொல்ல நாணமாக இருந்தது. பெருமானுக்கு என்று சொல்ல அச்சமாக இருந்தது. தோலை விட்டுவிடுவதே நல்லது, மனம் கேட்காவிட்டால் கொப்புளம் ஆறிய பிறகு, குளித்த ஈரத்தோடு, பூண்டு மஞ்சள் எதுவுமின்றி எண்ணெய் கொஞ்சமாய்ப் பூசலாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். இவ்வளவிலும் காசிநாதனின் செவியில் தங்கியது, எண்ணெய் பூசலாம் என்பது ஒன்றே.

ஆலை வாசல் கடையில் எண்ணெய் தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. அரியலூரில் ஆறு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கிடைத்தது. ஐந்து லிட்டர் தகரமாக மட்டுமே கிடைத்தது.

"டாக்டரு கொஞ்சமாப் போடச் சொன்னாங்க," என்றாள் கமலவேணி.

"இதுலேர்ந்து கொஞ்சமா எடுத்துக்குறேன்."

தகரத்தின் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. அரியலூர் செல்லும் பேருந்து பாதி வழி போவதற்குள் எண்ணெய் இருக்கைக்கு அடியில் புறப்பட்டு, நடுவழியைக் கடந்து, முன் படிக்கட்டை நோக்கிப் பயணம் செய்தது. யாரோ மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பின்னிருக்கைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். சீட்டுக் கிழித்துக்கொண்டே வந்த நடத்துநர், காலை எடுத்து வைக்காமலே இரண்டு இருக்கை முன்னேறி வந்து காசிநாதனுக்கு எதிரே நின்றார். நின்றபின் குனிந்து தரையைப் பார்த்தார்; தகரத்தைப் பார்த்தார்; விசிலை ஊதினார்.

இறக்கிவிட்ட இடத்தில் மரமும் இல்லை, கடையும் இல்லை. கமலவேணி, பெரம்பலூரில் வாங்கிய துணி சோப்பைப் பிரித்து, ஒரு துண்டு கிள்ளிப் பிசைந்து ஓட்டையை அடைத்தாள்.

"இவ்வளவு அவஸ்தப்பட்டு அந்தத் தண்டத் தாங்கணுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

காசிநாதன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷம் ஊருக்கு வூடு கட்டுற மூட்டையத்தான் தூக்கியிருக்கேன் வேணி. எந்த வூட்டுலயும் எம் பேரு இல்ல. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் நான் தூக்குறது என்னன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த பேருந்து வந்தபோது தகரத்தைக் கமலவேணியே மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளும் இந்த நோன்பில் சேர்ந்தாள். ஒரு வாரம் களிம்பு மட்டும். கொப்புளங்கள் ஆறின. அதன்பின் பீர்க்கங்கூட்டை நன்றாய் ஊறவைத்து அவளே தோளைத் தேய்த்துவிட்டாள். ஈரம் காயுமுன் எண்ணெயைத் துளித்துளியாய்ப் பூசி, கட்டைவிரலால் அழுத்தி நீவினாள். பட்டை பட்டையாய் முப்பது ஆண்டுகள் உதிர்ந்தன. கணவரை மோட்டார் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள். மிஞ்சிய எண்ணெயைத் தன் குதிகால் வெடிப்புக்கும் அவள் பூசிக்கொள்வதைக் காசிநாதன் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

நாற்பத்தேழாம் நாள் காலை, கமலவேணி பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்தாள். முந்தானையை விரித்து அவருடைய வலது தோளின்மேல் போட்டு மெல்ல இழுத்தாள். முந்தானை தாமரையிலையில் நீர் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நூல்கூட மாட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அவள் கொடுத்த மிகப் பெரிய பட்டம் அதுதான்.

தோள் பார்க்கும் மாலை வந்தது. கோயில் முற்றத்தில் பதினாறு பேர் மேலாடையின்றி நின்றார்கள். முருகையன் ஏதோ வாசனைக் களிம்பு பூசி, சலவைக்கல்போல் வந்திருந்தான். அவனுக்கு அப்பால், முன் இடத் தண்டைக் காசிநாதனோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாய்த் தாங்கிவரும் அங்கமுத்து நின்றார். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டில் விறகு வெட்டிச் சுமப்பவர். திருவிழாவுக்கு மட்டும் பிறந்த ஊருக்கு வருபவர். ஆண்டுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வரிசையின் கடைசியில் முத்தமிழ்செல்வன் கூச்சத்தோடு ஒடுங்கி நின்றான். கல் குவாரியில் இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் தோளைப் பார்த்த காசிநாதனுக்குப் பாவமாக இருந்தது. செதில் செதிலாய், தம்முடைய பழைய தோளுக்குத் தம்பிபோல் இருந்தது. திருவிழா முடிந்ததும் இவனுக்கும் அரை லிட்டர் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்.

மாலை வெயில் அவர் தோளில் பட்டுத் தெறித்தது. கொடிமரத்தடியில் வழக்கமான இடத்தில் நின்று, கண்மூடி, அதே பதிகத்தை எடுத்தார். முதலடியின் பாதியில் அந்தக் கை வந்துவிட்டது. எழுபது வயதிலும் என்ன வேகம் என்று காசிநாதன் உள்ளம் குளிர்ந்தார்.

கை தோளில் படிந்தது, நிற்கவில்லை. வழுக்கி முழங்கைக்கு வந்தது. குருக்கள் அதை மீண்டும் எடுத்து வைத்தார். மீண்டும் முழங்கைக்கு வந்தது. அவர் குனிந்து கூர்ந்து பார்த்தார். தம் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் பெருந்துயரம் ஒன்று படர்ந்தது. பிறகு அந்த மறுப்பற்ற விரல் எழுந்து, முதல் தண்டைக் கடந்து, மற்ற மூன்று தண்டுகளையும் கடந்து, மடைப்பள்ளிச் சுவரோரம் இருந்த எண்ணெய்த் தூக்கைக் காட்டியது. வீதியுலாவில் தீவட்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வருபவனின் தூக்கு அது.

காசிநாதன் தூக்கின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அவர் ஒதுங்குவதற்குள் முருகையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தான். கை அவன் தோளிலும் வழுக்கியது. விரல் வெண்குடையைக் காட்டியது. அங்கமுத்துவின் தோளைத் தொட்ட கை அங்கேயே ஒட்டி நின்றது; அவருக்கு வழக்கம்போல் முன் இடத் தண்டு. கடைசியில் குருக்கள் முத்தமிழ்செல்வனிடம் வந்தார். தொட்டார். கை எடுக்கவே இல்லை. சென்ற ஆண்டு காசிநாதனின் தோளில் எழுந்த அதே 'ம்' அவர் மூக்கிலிருந்து எழுந்தது. விரல் முதல் தண்டைக் காட்டியது.

எல்லாரும் கலைந்த பிறகு, எண்ணெய்த் தூக்கைக் கையில் பிடித்தபடி காசிநாதன் அங்கமுத்துவின் அருகில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பயலோட தோளப் பாத்தியா அங்கமுத்து? என்னோட பழைய தோளவிட மோசம். அவனப் போயி மொதத் தண்டுல நிறுத்துறாரே. என் பக்தியில என்ன கொற கண்டாரு? அன்னைக்கு என் பாட்டக் கேட்டுதானே வந்து தோள்ல கைய வெச்சாரு?"

அங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். பளபளக்கும் அந்தத் தோளை ஒருமுறை வருத்தத்தோடு தடவிப் பார்த்தார்.

"ஆமா காசி, பாட்டக் கேட்டுதான் வந்தாரு, மௌனத்துல வாயால சொல்ல முடியாதே, நிறுத்துடான்னு தோள்ல கைய வெச்சாரு, வெச்ச கைக்கு உப்புத்தாளு மாதிரி சொரசொரன்னு இருக்கவும், ஏரிக்கர எறக்கத்துல தண்டு வழுக்காத தோளு ஒண்ணு கெடச்சிருச்சுன்னு உன்னக் கொண்டாந்து மொத ஆளா நிறுத்துனாரு."